மாதையன் ‘சரி’ போட்ட கார்

இன்சூரன்ஸ் சர்வேயர் மாதையன் சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்குத் தருமபுரியில், தனியார் மருத்துவமனை ஒன்றில் காலமானார். வயது அறுபத்துநான்கு. மாரடைப்பு. இதை எனக்கு உறுதிசெய்தவர் அவருடைய மனைவி ராஜம்மாள். அவர் தொலைபேசியில் பேசியது பத்தரை மணிக்கு. அதற்கு அரை மணி நேரம் முன்பே காவல் நிலையத்து ஏட்டு ஒருவர் இதே தகவலைச் சொல்லியிருந்தார். ஆனால் ஒருவர் இறந்தார் என்பதை வீட்டார் வாயால் கேட்கும்வரை எழுதக் கூடாது, நம்பவும் கூடாது என்று என் நிருபர் தொழிலில் பழகிவிட்டது. ராஜம்மாள் சொன்ன பிறகுதான் நம்பினேன்.

அவர் அழவில்லை. அழுது முடித்த குரலாக இருந்தது. “போயிட்டாருங்க” என்றார். “அந்தக் காரு இன்னும் கெடைக்கலீங்களே. நேத்து ராத்திரிகூட அதைத்தான் கேட்டாரு” என்றார்.

எந்தக் கார் என்று நான் கேட்கவில்லை. நான்கு மாதமாக நானும் மாதையனும் பேசிக்கொண்டது பெரும்பாலும் அதைப் பற்றித்தான். ஒரு வெள்ளைக் கார். இந்த மாவட்டத்தின் ஏதோ ஒரு மலைப்பாதையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முன்சீட்டில் உட்கார்பவருக்கு எதிரே உள்ள ஏர்பேக், மோதல் நேர்ந்தால் அவரைக் காப்பதற்குப் பதிலாக வெடித்துச் சிதறி அவரையே கொல்லக்கூடும். அதை ஓட்டுகிறவருக்கு இது தெரியாது. அந்தக் காரைப் பரிசோதித்து, ‘சரி’ என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தவர் மாதையன்.

உங்களில் பலர் அவரை வண்டி சர்வேயர் என்றே அறிந்திருப்பீர்கள். விபத்தில் சிக்கிய வாகனத்தைப் பார்த்து, எது உடைந்தது, எது பழையது, எது பொய் என்று இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. சர்வேயர் என்ற பேரைக் கேட்டுவிட்டு, பென்னாகரம் பக்கத்தில் ஒரு விவசாயி அவரை வீட்டில் உட்காரவைத்து டீயும் கொடுத்து, பங்காளியோடு இருந்த வரப்புத் தகராறை அளந்து தீர்க்கச் சொன்னாராம். மாதையன் டீயைக் குடித்துவிட்டு, “நான் நசுங்கினதைத்தாங்க அளப்பேன். நெலம் நசுங்கினா சொல்லி அனுப்புங்க, வர்றேன்” என்று எழுந்து வந்திருக்கிறார். இதை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார், சிரிக்காமல்.

நான் அவரை முதலில் பார்த்தது தொப்பூர் கணவாயில். இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். பிரேக் பிடிக்காத லாரி ஒன்று முன்னால் போன வண்டிகளை இடித்துத் தள்ளியிருந்தது. நான் குறிப்பேட்டோடு இறந்தவர்களை எண்ணிக்கொண்டு போனேன். நசுங்கிய கார் ஒன்றின் கதவு வழியாக இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி எழுதினேன். கால்கள் அசைந்தன. உள்ளேயிருந்து, உதட்டில் பென்சிலோடு, ஒரு மனிதர் பின்பக்கமாக நகர்ந்து வெளியே வந்தார்.

“என்னையும் சேத்துட்டீங்களா?” என்று கேட்டார்.

“சேத்துட்டேங்க.”

“அடிச்சுடுங்க. நான் வேலைக்கு வந்தவன்.”

அடித்தேன். அவர் கையில் இருந்த வெள்ளை ஒட்டுத்தாளை அப்போதுதான் பார்த்தேன். காரின் சேசிஸ் எண், அதாவது தொழிற்சாலையிலேயே இரும்பில் பொறித்துவிடும் பதினேழு எழுத்தும் எண்ணும், பெரும்பாலும் முன்சீட்டுக்கு அடியிலோ என்ஜினுக்குப் பின்னாலோ இருக்கும். அதன்மேல் தாளை ஒட்டிப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தால், சுற்றிலும் கறுப்பாகி எண்கள் மட்டும் வெள்ளையாக எழுந்து வரும். உரித்துக் காகிதத்தில் ஒட்டிக்கொள்ளலாம். சர்வேயர்கள் எல்லோரும் செய்வதுதான். மாதையன் ஒன்றுக்கு இரண்டாக எடுப்பார். ஒன்று அறிக்கைக்கு, இன்னொன்று அவருடைய நீள நோட்டுக்கு. “நம்பர் பிளேட்டை மாத்தலாம், பெயிண்டை மாத்தலாம், ஓனரை மாத்தலாம். இது அது பொறந்தப்ப வச்ச பேரு” என்பார்.

அந்த நோட்டு வேறு காரியத்துக்குப் பயன்படத் தொடங்கியது ஒரு தக்காளி வியாபாரியின் சாவுக்குப் பிறகு.

அவர் மாரண்டஹள்ளிக்காரர். பாலக்கோடு மண்டிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, குறுக்கே வந்த நாய்க்காக ஒதுக்கி, சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் இடித்துவிட்டார். பெரிய வேகமில்லை. முன்கண்ணாடிகூட முழுசாக இருந்தது. ஆள் இறந்துவிட்டார். கழுத்தில் வெட்டுக்காயம். நான் மூன்று வரிச் செய்தி எழுதினேன். மறுநாள் காவல் நிலையத்துக்குப் போனபோது, நிறுத்தியிருந்த அந்தக் காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார் மாதையன்.

“பம்பரு, ரேடியேட்டரு, ஒரு லைட்டு. இவ்ளோதாங்க அடி” என்றார். “இந்த அடிக்கு மனுசன் எறங்கி வந்து நாயைத் திட்டியிருக்கணும். சாகக் கூடாது.”

பிரேதப் பரிசோதனையில் கழுத்திலிருந்து ஓர் உலோகத் துண்டு எடுத்திருந்தார்கள். காரில் எங்கிருந்தும் பெயர்ந்து வந்ததாகத் தெரியவில்லை. மாதையன் தேடிக் கண்டுபிடித்தார். ஸ்டியரிங்குக்குள் ஏர்பேக்கை ஊதவைக்கும் ஒரு சிறிய உலோக டப்பா உண்டு. அது பிளந்திருந்தது. சேசிஸ் எண்ணை அந்தக் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன்பே அந்த வகைக் கார்களில் இதே குறையைக் கண்டு, கொண்டு வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. ரீகால் என்று இதைச் சொல்கிறார்கள். கடிதமும் போயிருந்தது, பெங்களூரில் இருந்த முதல் உரிமையாளருக்கு. தக்காளி வியாபாரி மூன்றாவது கை. ஆர்.சி. புத்தகத்தில் அவர் பேரே ஏறவில்லை. பெங்களூர்க்காரர் தொலைபேசியில் மாதையனிடம் வருத்தப்பட்டாராம். வண்டிதான் விற்றாகிவிட்டதே என்று கடிதத்தைக் குப்பையில் போட்டுவிட்டேன் என்றாராம்.

அந்த வாரக் கடைசியில் மாதையன் என் அலுவலகத்துக்கு வந்தார். மேசைமேல் ஒரு பழைய செய்தித்தாள் துண்டை வைத்தார். அந்த ரீகால் அறிவிப்பு வந்தபோது எங்கள் பத்திரிகையில் வெளியான செய்தி. கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினார். ‘குறைபாடுள்ள கார்களின் உரிமையாளர்களை நிறுவனமே நேரடியாகத் தொடர்பு கொள்ளும்.’

“இது யாரு எழுதினது?”

“நான்தான். கம்பெனி அனுப்பின அறிக்கையில அப்படித்தான் இருந்தது.”

“தொடர்பு கொள்ளும்னு போட்டிருக்கீங்க. யாரை?”

“ஓனரை.”

“ஓட்டினவன் மாரண்டஹள்ளிக்காரன். அவனை எவன் தொடர்பு கொண்டான்?”

அதே வரியை அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ செய்திகளுக்கு அடியில் எழுதியிருக்கிறேன். அறிக்கையில் இருந்ததை அப்படியே எடுத்துப் போட்டேன். தவறு என்று யாரும் சொன்னதில்லை.

“கம்பெனிக்காரன் வந்து கதவைத் தட்டுவான்னு எழுதிட்டீங்க நிருபரே. எல்லாரும் கதவைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க” என்றார் மாதையன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “திட்ட வரலீங்க. டீ சொல்லுங்க” என்றார்.

அதன் பிறகு அவர் தன் நோட்டில் ஒட்டியிருந்த எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார். ரீகால் பட்டியலில் மாட்டிய வண்டிக்காரர்களை வீடு தேடிப் போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. போன இடத்தில் யாரும் வரவேற்கவும் இல்லை. சேசிஸ் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஓர் ஆள் வீட்டு வாசலில் வந்து காரைக் கேட்டால், நம் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: தவணை கட்டாத வண்டியைப் பிடுங்கிப் போக ஃபைனான்ஸ்காரன் ஆள் அனுப்பியிருக்கிறான். ஒழுங்காகத் தவணை கட்டியவர்கள்கூட ஒளித்துவைத்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்றுதான்.

ஒருமுறை மாரண்டஹள்ளிக்கு மேற்கே ஒரு கிராமத்துக்கு அவரோடு போயிருந்தேன். வாசலில் ஓர் அம்மாள் முறத்தோடு நின்றிருந்தார்.

“காரா? எங்களுக்கு ஏதுங்க காரு? சைக்கிள்கூட கெடையாது.”

மண்ணில் கார் டயர்த் தடம் இரண்டு கோடாக நேரே கேழ்வரகுத் தட்டுப் போருக்குள் போய் முடிந்திருந்தது. போரின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ மின்னியது.

“போருக்குள்ள என்னாங்கம்மா செவப்பா?” என்றார் மாதையன்.

“தக்காளிங்க.”

“தக்காளிக்கு எதுக்குங்க கண்ணாடி?”

அந்த அம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பி, “ஒளகே இரு, பரபேடா” என்று கன்னடத்தில் குரல் கொடுத்தார். உள்ளேயே இரு, வராதே என்று. மாதையனுக்குக் கன்னடம் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. “இர்லி அம்மா, அவரு ஒளகே இர்லி. தக்காளின மாத்ர நோட்தீனி” என்றார் மாதையன். அவர் உள்ளேயே இருக்கட்டும், நான் தக்காளியை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன். முறத்தால் வாயை மறைத்துக்கொண்டு அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்தவரே வெளியே வந்துவிட்டார். பட்டியலில் இருந்த கார்தான் அது. அடுத்த வாரமே கொண்டுபோய் மாற்றினார்கள்.

எல்லா இடத்திலும் இப்படி முடியவில்லை. ஓர் ஊரில் நாயை அவிழ்த்து விட்டார்கள். இன்னோர் இடத்தில், ஏர்பேக்கின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டேன், இனிமேல் வெடிக்காது, கவலையை விடுங்கள் என்றார் உள்ளூர் மெக்கானிக். “அப்ப மோதறப்ப என்னாத்த நம்பறது, உன்னையா?” என்று கேட்டுவிட்டு வந்தார் மாதையன். அலைந்து அலைந்து ஒரு வருடத்துக்குப் பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஆயுத பூஜை.

அன்றைக்கு யாரும் காரை ஒளித்துவைப்பதில்லை. கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, வீதியிலும் பட்டறை வாசலிலும் எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்துகிறார்கள். பொரி வாங்க வருகிறவரை யாரும் விரட்டுவதும் இல்லை. மாதையன் ஒவ்வொரு வருடமும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, சட்டைப்பையில் ஒட்டுத்தாளும் பென்சிலுமாகப் பட்டறை பட்டறையாகப் போவார். “பொரி குடுக்கற கையி அன்னிக்கு நம்பரும் குடுக்கும்” என்பார். இரண்டு தாள் எடுப்பார். எண்ணைப் போட்டுப் பார்ப்பார். பட்டியலில் இல்லையென்றால் பச்சை மையில் ‘சரி’ என்று எழுதி, பேரும் தொலைபேசி எண்ணும் போட்டு, ஒரு தாளை ஆர்.சி. உறையின் உள்பக்கம் ஒட்டிக் கொடுப்பார். இன்னொன்று நோட்டுக்கு.

ஒட்டிக் கொடுக்கும்போதே அவர் சொல்வது ஏறத்தாழ இதுதான். வண்டியை வாங்கினால் முதலில் பேரை மாற்று. ஆர்.சி.யில் இருக்கும் தொலைபேசி எண் யாருடையது என்று பார். ஷோரூமில் எவனோ அவசரத்தில் தன் எண்ணைப் போட்டிருப்பான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சேசிஸ் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பார். தெரியாவிட்டால் சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் பார்க்கச் சொல். குறை இருந்தால் மாற்றித் தருவது வண்டிக்குத்தான், ஆர்.சி.யில் இருக்கும் பேருக்கு அல்ல. எத்தனையாவது கை என்று யார் கேட்டாலும் கூசாதே. சாமான் இல்லை, வந்தால் கூப்பிடுகிறோம் என்பான்; தேதி போட்டு எழுதி வாங்கு. அதுவரைக்கும் அந்த சீட்டில் ஆளை ஏற்றாதே. இதைச் சொல்லும்போது அவர் குரலில் உற்சாகம் எதுவும் இருக்காது. பஸ்ஸில் கண்டக்டர் ஊர் பேர் சொல்வது போலச் சொல்வார்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஆயுத பூஜைக்கு அவர் போன ஊர் பொம்மிடி. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பட்டறையில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆறுமுகம் என்பவரின் வெள்ளைக் கார் நின்றிருந்தது. எண்ணைப் போட்டுப் பார்த்தார். பட்டியலில் இல்லை. ‘சரி’ எழுதி ஒட்டினார். “பயப்படாம ஓட்டுங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

நான்கு மாதத்துக்கு முன்னால் அதே நிறுவனத்திடமிருந்து புதிய அறிக்கை வந்தது. முன்பு ஓட்டுநர் பக்கத்து ஏர்பேக்கில் கண்ட குறை, இப்போது இன்னும் சில வருட மாடல்களில் பக்கத்து சீட்டுக்கும் இருப்பது தெரிந்திருக்கிறது. அறிக்கையின் கடைசி வரி அதே வரி. அதை வெட்டிவிட்டுச் செய்தி கொடுத்தேன். மாதையனுக்கும் படித்துக் காட்டினேன். மூன்று நாள் அவரிடமிருந்து பேச்சில்லை. நோட்டில் இருந்த அத்தனை எண்களையும் திரும்ப முதலிலிருந்து போட்டுப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாள் மதியம் கூப்பிட்டார்.

“ஒண்ணு மாட்டிச்சுங்க.”

“எந்த ஊரு?”

“பொம்மிடி. நான் சரி போட்ட வண்டி.”

“அன்னிக்கு லிஸ்ட்ல இல்லையே. இது எப்படி உங்க தப்பாவும்?”

“அன்னிக்கு லிஸ்ட்ல இல்லைன்னு எழுதியிருந்தா என் தப்பு இல்லீங்க. நான் சரின்னு எழுதிட்டேன்” என்றார்.

அன்றிலிருந்து அவர் யாருக்கும் ‘சரி’ எழுதவில்லை. ‘இன்று வரை பட்டியலில் இல்லை’ என்று எழுதித் தேதி போட்டார். ஒட்டுத்தாளில் இடம் போதவில்லை என்று நுணுக்கி நுணுக்கி எழுதினார்.

ஆறுமுகம் காரை விற்றிருந்தார். கம்பெனிக் கடிதம் அவருக்குத்தான் வந்திருந்தது. டி.வி.க்கு அடியில் பத்திரமாக இருந்தது. “வண்டிய வித்துட்டேன், லெட்டரு எனக்கெதுக்கு? ஆனா கிழிக்க மனசு வரலீங்க, கம்பெனி லெட்டராச்சேன்னு வச்சிருந்தேன்” என்றாராம். வாங்கிய தரகர் அரூர்க்காரர். “மலைக்காரர் ஒருத்தரு எடுத்தாருங்க. வத்தல்மலையா, சித்தேரியா, ஞாபகமில்ல” என்று அவர் சொல்லிவிட்டார். பேர் மாற்றம் நடக்கவில்லை. மாதையன் கார் நிறுவனத்துக்கு எழுதினார். பதிவு பெற்ற உரிமையாளருக்குத் தகவல் அனுப்பியாகிவிட்டது என்று பதில் வந்தது. அந்தப் பதிலை என்னிடம் படித்துக் காட்டி, மடித்து, நோட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

அப்போதே அவருக்கு நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. மலை ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே இரண்டு மலைகளின் அடிவாரத்திலும் டீக்கடையில் ஒட்டுவதற்கு ஒரு தாள் எழுதினார். காரின் பதிவு எண்ணைப் பெரிதாகப் போட்டு, அதன் கீழே இப்படி எழுதியிருந்தார்: ‘இந்த வெள்ளைக் காரை வைத்திருப்பவர் எனக்கு ஃபோன் செய்யவும். நான் ஃபைனான்ஸ்காரன் இல்லை. வண்டியைப் பிடுங்க மாட்டேன். அதுவரை முன்சீட்டில் யாரையும் உட்காரவைக்க வேண்டாம். மாதையன், சர்வேயர்.’ அடியில் அவருடைய தொலைபேசி எண்.

“பிடுங்க மாட்டேன்னு எழுதினாத்தான் சந்தேகப்படுவாங்க” என்றேன்.

“எழுதாட்டியும் படுவான். எழுதினா, சந்தேகப்பட்டுக்கிட்டே கடைசி வரைக்கும் படிப்பான்.”

இரண்டு மாதம் யாரும் கூப்பிடவில்லை. ஒவ்வொரு விபத்துக்கும், நான் இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அவருடைய அழைப்பு வந்துவிடும். “வெள்ளைக் காருங்களா?” என்று கேட்பார். இல்லை என்றால் வைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை இரவு மருத்துவமனையில் ராஜம்மாளிடம் கேட்டதும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அடக்கம் முடிந்தது. மெக்கானிக்குகள் சேர்ந்து கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடித்தார்கள். அவர் போய்வந்த இடமெல்லாம் ஒட்டவேண்டும் என்று பொம்மிடி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி என்று போய் ஒட்டியவர்கள், மலையடிவாரத்து டீக்கடைகளிலும் ஒட்டினார்கள். அங்கே அவருடைய தாள் ஏற்கெனவே இருந்தது. இடம் இருந்ததால் அதற்குப் பக்கத்திலேயே ஒட்டிவிட்டு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நான் அவர் வீட்டில் இருந்தேன். மாதையனின் தொலைபேசி அடித்தது. ராஜம்மாள் அதை எடுத்து என்னிடம் நீட்டினார். “நீங்க பேசுங்க. யாருன்னு கேட்டு அவரு இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வராதுங்க.”

“சார் வூடுங்களா?” என்றது ஓர் ஆண் குரல்.

“ஆமாங்க. அவரு…”

“எறந்துட்டாருங்க, தெரியும். போஸ்டர் பாத்தேன். அதான் ஃபோன் பண்ணேன்.”

“எறந்தவருக்கா பண்றீங்க?”

“உசுரோட இருந்தா பண்ணியிருக்க மாட்டேனுங்க” என்றார் அவர். “கோவிச்சுக்காதீங்க. ரெண்டு மாசமா அந்தத் தாளைப் பாத்துட்டுத்தான் போறேன். புடுங்க மாட்டேன்னு போட்டிருந்துச்சா, கண்டிப்பா புடுங்கத்தான்னு நெனச்சேன், மிச்சத்தைப் படிக்கலை. டீக்கடைக்கு மேலேயே காரை நிறுத்திட்டு நடந்து வந்து டீ குடிப்பேன். இன்னிக்குப் போஸ்டரைப் பாத்துட்டுத்தான் அந்தத் தாள்ல இருந்த பேரையும் நம்பரையும் மொத தடவையா நல்லாப் பாத்தேன். எங்க ஆர்.சி. கவருக்குள்ள அதே பேரு, அதே நம்பரு, பச்சை மையில சரின்னு போட்டிருக்குதுங்க. சரி போட்டவரு எதுக்குப் புடுங்கறாரு? சரி, செத்தவரு எந்திரிச்சு வந்து வண்டியப் புடுங்கமாட்டாரேன்னு பண்ணிட்டேன். என்னாங்க விசயம்?”

அவர் பேர் காளியப்பன். வத்தல்மலையில் சாமையும் மிளகும் போடுகிறவர்.

“முன்சீட்ல யாருங்க உக்கார்றது?” என்று கேட்டேன்.

“அண்ணனுங்க. வாரம் ரெண்டு தரம் டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். பின்னாடி உக்காந்தா வளைவுல வாந்தி வந்துருது. அதனால எப்பவும் முன்னாடிதான்.”

“இப்ப எங்க இருக்காரு?”

“பக்கத்துலதான் உக்காந்திருக்காரு. ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்.”

“வண்டி ஓடுதா, நிக்குதா?”

“நிக்குதுங்க. அடிவாரத்துல.”

“அவரை எறக்கிப் பின்னாடி உக்கார வைங்க. அப்பறம் சொல்றேன்.”

“எதுக்குங்க?”

“மொதல்ல மாத்துங்க. வைக்காதீங்க, லைன்லயே இருங்க.”

முணுமுணுப்பு கேட்டது. “எதுக்குடா?” என்று இன்னொரு குரல் அலுத்துக்கொண்டது. “சும்மா எறங்குண்ணா.” ஒரு கதவு திறந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. இன்னொரு கதவு திறந்து மூடியது. தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ராஜம்மாள் சுவரோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது கதவு மூடிய சத்தம் கேட்டதும் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணனை டயாலிசிஸுக்குப் படுக்கவைத்துவிட்டு, காளியப்பன் காரோடு சர்வீஸ் சென்டருக்கு வந்தார். நானும் போனேன். ஆர்.சி.யில் ஆறுமுகம் என்று இருக்கிறது, உரிமையாளர்தான் வரவேண்டும் என்றார் கவுண்டரில் இருந்த பெண். மாதையனின் வாக்கியத்தைச் சொன்னேன்: மாற்றித் தருவது வண்டிக்கு, பேருக்கு அல்ல. அவர் உள்ளே போய் மேலாளரைக் கேட்டு வந்தார். எண் பட்டியலில் இருந்தது. சாமான் கையிருப்பில் இல்லை.

“வந்ததும் நாங்களே கூப்பிடறோம் சார்” என்றார்.

“தேதி போட்டு எழுதிக் குடுங்கம்மா.”

எழுதிக் கொடுத்தார். காளியப்பன் அதை ஆர்.சி. உறைக்குள் வைத்துக்கொண்டார். வைக்கும்போது அந்த ஒட்டுத்தாளைப் பார்த்தார். பென்சில் கறுப்பில் பதினேழு வெள்ளை எழுத்து. கீழே பச்சை மை.

“இதை உரிச்சுடலாமுங்களா? சரின்னு இருக்குதே.”

“இருக்கட்டுங்க. மாத்தி முடிக்கட்டும்” என்றேன். பேர் மாற்றத்துக்கு ஆறுமுகம் கையெழுத்துப் போட்டுத் தருவதாகத் தொலைபேசியில் ஒத்துக்கொண்டிருக்கிறார். அதற்குக் காளியப்பன் பொம்மிடிக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

நீள நோட்டு ராஜம்மாளிடம் இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாம் என்றேன். மெக்கானிக்குகளில் ஒருவர் அந்த எண்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட்டுப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பார்க்கவேண்டும். மாதையனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இரண்டே வார்த்தை. நிறுவனமே தொடர்பு கொள்ளும் என்று எழுதிய கையால், இனி எதை எழுதினாலும் ‘இன்று வரை’ என்று சேர்த்துக்கொள்கிறேன். தொப்பூரில் அவர் சொல்லி ஒன்றைக் குறைத்து எழுதினேன். இந்த முறை அப்படி அடித்துவிடச் சொல்ல அவர் இல்லை.

புதன்கிழமை மாலை, இன்று வரை உள்ள நிலவரம் இது. சாமான் வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வந்துவிடும் என்று சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்திருக்கிறது. அன்று காலை காளியப்பனின் அண்ணனுக்கு மறுபடி டயாலிசிஸ். மலையிலிருந்து அவர் பின்சீட்டில்தான் வருவார், மடியில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துப் பிடித்துக்கொண்டு.